சங்கரனை அவன் வீட்டுக்கே குடிவைத்தது

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழிலில் இருந்து நான் ஓய்வுபெற்ற அன்று, ஹடப்சரில் எங்கள் கொட்டகையில் கூட வேலை செய்தவர்கள் வடாபாவும் ஜிலேபியும் வாங்கி வந்து விருந்து வைத்தார்கள். தின்றுகொண்டே, என்னைச் சித்தப்பா முறையில் காகா என்று கூப்பிடுகிற ஒருவன் கேட்டான். "காகா, நீங்க செஞ்சதிலயே கஷ்டமான ஷிஃப்டிங் எது?" பியானோவா, ஆள் உயர மீன் தொட்டியா, லிஃப்டே இல்லாத கட்டடத்தில் ஏற்றிய இரும்புப் பெட்டகமா என்று அவர்களே ஆளுக்கொன்று சொல்லிப் பார்த்தார்கள்.

"மூணாவது மாடியில இருந்த ஒருத்தரை அதே மூணாவது மாடிக்கு மாத்தினேன். அதுதான்" என்றேன்.

அந்த வேலைக்கு என்னோடு வந்த கண்பத்தைத் தவிர மற்றவர்கள், நான் விளையாடுவதாக நினைத்துச் சிரித்தார்கள். இப்போதெல்லாம் வாடிக்கையாளர் போனில் வீட்டைச் சுற்றிப் படம் பிடித்து அனுப்பினால் போதும். எத்தனை பெட்டி, எத்தனை ஆள், எந்த வண்டி என்று செயலியே சொல்லிவிடுகிறது. ஒருவன் அங்கேயே புறப்படும் முகவரியிலும் போய்ச்சேரும் முகவரியிலும் ஒரே வீட்டைப் போட்டுப் பார்த்தான். முகவரி தவறு, சரிபார்க்கவும் என்று வந்தது. அந்தச் செயலிக்குத் தெரியாத ஒரு வேலையை நான் செய்திருக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அதனால் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து, இரண்டாம் ஆண்டு பாதியில் விட்டவன் நான். வீட்டில் கஷ்டம் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனாலும் அதே கஷ்டத்தோடு படித்து முடித்தவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். எனக்கு ஒரு பெஞ்சில் உட்கார வராது, அவ்வளவுதான். நாக்பூருக்குப் போகிற ஒரு லாரியில் கிளீனராக ஏறினேன். அதற்குப் பிறகு சூரத்தில் சாயப்பட்டறை, பம்பாயில் மூட்டை, பெல்காமில் ஒரு ஹோட்டலில் பாத்திரம், கோவாவில் சுரங்க லாரி. சூரத்தில் டைபாய்டு வந்து தர்மாஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தேன். பெல்காமில் மூன்று மாதம் பேருந்து நிலையத்தில் படுத்தேன். எல்லாம் கடந்துபோயிற்று. புனேக்கு வந்ததும்கூட வேறு எங்கோ போகிற வழியில்தான். இங்கே மாலதி தாயியின் லாரியில் சாமான் ஏற்ற ஆள் தேவைப்பட்டது. வேலையே ஊர் சுற்றுகிற வேலையாக இருந்ததால் நின்றுவிட்டேன்.

தாயி என்றால் மராத்தியில் அக்கா. எங்கள் முதலாளி. கணவர் போன பிறகு ஒரே ஒரு லாரியை வைத்துக்கொண்டு தொழிலை நடத்தியவர். எங்களை ஒரு நாளும் அதட்டிப் பேசியதில்லை. ஒரு மடக்கு ஸ்டூலை எடுத்துக்கொண்டு வேலை நடக்கிற வீட்டுக்கு வருவார், வாசலில் போட்டு உட்காருவார், வெற்றிலை போடுவார். தப்பாக எதையாவது தூக்கினால் மெல்லுவதை நிறுத்திவிடுவார். அந்த அமைதி போதும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம்.

அவருடைய முறை இது. முதலில் வீட்டுக்குள் ஒரு சுற்று, எதையும் தொடாமல். தட்டுகளை ஒருபோதும் படுக்கவைத்து அடுக்கக் கூடாது, நிறுத்திவைக்க வேண்டும். தலையணையும் போர்வையும் தனி மூட்டையாகப் போகாது, கண்ணாடிச் சாமான்களுக்கு நடுவே மெத்தையாகப் போகும். அடுப்பும் சாமி படமும் கடைசியாக ஏறி முதலில் இறங்கும். இதெல்லாம் எல்லாக் கம்பெனியிலும் உள்ளதுதான். தாயியின் தனி முறை புது வீட்டு வாசலில் இருந்தது. வீட்டுக்காரரை நிலைப்படியில் நிறுத்துவார். ஒவ்வொரு சாமான் வரும்போதும் "குட்டே?" என்று ஒரே சொல். எங்கே என்று அர்த்தம். வீட்டுக்காரர் இடம் சொன்னால்தான் சாமான் உள்ளே போகும். யாரும் இடம் சொல்லாத சாமானைப் படி தாண்ட விடமாட்டார். "உள்ளே போய்ட்டா அது பத்து வருஷம் வழியிலயே கிடக்கும்" என்பார்.

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரு சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். என்னோடு படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது எனக்கு அவர்கள் வீட்டுச் சாமான்கள் வழியாகத் தெரியவந்தது. புனேயில் தமிழர்களுக்குக் குறைவில்லை. ராணுவம், வங்கி, மத்திய அரசு என்று வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். வீடு மாறினால் தமிழ் பேசுகிற ஆள் என்று என்னைத் தேடுவார்கள். இசக்கிமுத்து அப்படித்தான் கிடைத்தான். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் அதிகாரி. வகுப்பில் கடைசி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன். கோந்த்வாவில் அவன் புது வீட்டுக்குச் சாமான் இறக்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், பீரோவைப் பிடித்திருந்த என்னை அப்படியே கட்டிப்பிடித்தான். பீரோவின் மறுபக்கத்தைத் தாங்கியிருந்த கண்பத் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

கோமதியும் அப்படித்தான். வங்கி அதிகாரி. நாசிக்குக்கு மாற்றல் என்று எங்கள் கம்பெனிக்குச் சொல்லியிருந்தாள். கதவைத் திறந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ துரைதான? ரெண்டாம் வருஷம் பரீட்சைக்கு முந்தி ஓடிப்போனவன்?"

"ஓடலை. லாரியில போனேன்."

"உன் ரெக்கார்டு நோட்டை என்கிட்டத்தான் குடுத்தாங்க, படம் போட்டு முடிக்கச் சொல்லி. நீ வருவ வருவன்னு போட்டு வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அதற்குப் பிறகு அவளை நாசிக், நாக்பூர், கோலாப்பூர், மறுபடி புனே என்று நான்தான் மாற்றினேன். தம்பிகளைப் படிக்கவைத்து, அம்மாவைப் பார்த்துக்கொண்டு, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அதை ஒரு குறையாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் வீடு எப்போதும் கிளம்பத் தயாராக இருக்கும். சுவரில் ஓர் ஆணி அடித்திருக்கமாட்டாள். காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் தொங்கவிடுவாள். அரை நாளில் ஏற்றிவிடலாம். எங்கள் ஆட்களுக்கு மேடம் வீடு என்றாலே உற்சாகம்.

வகுப்பில் நாங்கள் சங்கரன் என்று கூப்பிட்ட சங்கரலிங்கம் நேர் எதிர். மத்திய அரசின் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். ஹடப்சரில் மூன்றாம் மாடியில் ஃப்ளாட் வாங்கிக் குடிபோனவன் அங்கேயே இருந்துவிட்டான். அவன் இங்கே இருப்பது மட்டும் எனக்கு இசக்கி வீட்டு விசேஷத்தில்தான் தெரியவந்தது, ஏனென்றால் அவன் வீடே மாறவில்லை. மனைவி செண்பகம் சில வருடங்களுக்கு முன் சிறுநீரகக் கோளாறில் இறந்துபோனாள். மகள் வித்யா மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள், கல்யாணமாகி அங்கேயே வீடு.

சங்கரலிங்கம், கோமதி என்ற இரண்டு பெயரும் ஒரே வகுப்பில் இருந்தால் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் சும்மா இருப்பார்களா? சங்கரன்கோயில் சுவாமி பெயரும் அம்மன் பெயரும் அல்லவா. வருகைப்பதிவில் அவன் பெயர் வாசித்ததும் யாராவது தொண்டையைக் கனைப்பார்கள். அந்தக் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தால் கரும்பலகையில் சப்பரம் வரைவார்கள். வரைந்தது பெரும்பாலும் இசக்கி. அந்தக் கேலிக்குப் பயந்து இருவரும் மூன்று வருடமும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் வாசலில் வந்தால் மற்றவர் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

அவர்கள் மூவரும் ஓய்வுபெற்ற பிறகு இசக்கி வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். அங்கேதான் அவர்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள். மழைத்தண்ணீர் ஒழுகாமல் இருக்கத் தளத்துக்கு என்ன பூசலாம் என்பதுதான் பேச்சு. நாற்பது வருடம் கழித்து முதல் வார்த்தையாகத் தார்ப்பூச்சைப் பற்றிப் பேசியதை இசக்கி இன்றும் விடுவதில்லை. பிறகு இருவரும் சேர்ந்து நடைப்பயிற்சி போனார்கள். பிறகு ஒருநாள் இருவரும் சேர்ந்து வந்து, பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறோம், நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அப்போதும் ஒருவரை ஒருவர் 'நீங்க' என்றுதான் சொன்னார்கள்.

"நாற்பது வருஷத்துக்கு முந்தி நான் சப்பரம் வரைஞ்சப்பவே கையெழுத்துப் போட்டாச்சு. இது ரெண்டாவது கையெழுத்து" என்றான் இசக்கி.

சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். தமிழ்ச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் இலை போட்டுச் சாப்பிட்டோம். கோமதி கோந்த்வாவில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஹடப்சருக்கு வருவது என்று ஏற்பாடு. நான் ஓய்வுபெறுவதற்கு முன் செய்த கடைசி வேலை அது. மாலதி தாயி அதற்கு முன்பே மகனிடம் தொழிலைக் கொடுத்துவிட்டுச் சாத்தாராவுக்குப் போய்விட்டார்.

கோந்த்வாவில் வழக்கம்போல அரை நாளில் ஏற்றிவிட்டோம். வீட்டுச் சாவியை அன்று சாயங்காலத்துக்குள் உரிமையாளரிடம் சேர்க்க வேண்டும். சாவி கோமதியின் கைப்பைக்குள் இருந்தது. ஹடப்சர் போய்ச் சேர்ந்தோம். இசக்கி எங்களுக்கு முன்பே ஸ்கூட்டரில் வந்து படியில் உட்கார்ந்திருந்தான். நான் கோமதியையும் சங்கரனையும் நிலைப்படியில் நிறுத்தினேன். முதலில் கோமதியின் சாமி படம் போயிற்று, அடுப்பு போயிற்று. பிறகு அவளுடைய புத்தக அலமாரியைக் கண்பத்தும் நானும் தூக்கிக்கொண்டு வந்தோம்.

"எங்க வைக்க?"

சங்கரன் உள்ளே திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஒரு மாதமாக எல்லாம் ஒதுக்கியாயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு சாமான்கூட நகர்ந்திருக்கவில்லை. சுவருக்குச் சுவர் பீரோ, ஷோகேஸ், தையல் மிஷின், யாரும் நடக்காத நடைப்பயிற்சி மிஷின், வித்யா பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகள்.

"இப்போதைக்கு பால்கனியில வை" என்றான்.

அடுத்து அவள் துணி பீரோ. "இப்போதைக்கு வெளிய வராந்தாவுல நிக்கட்டும்." மேஜை. "இப்போதைக்கு அதுமேலயே கவுத்து வை." கட்டில். "அது... இப்போதைக்கு..."

கோமதி சத்தம் போடவில்லை. "துரை, திரும்ப ஏத்திரு" என்றாள்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம். "எதை?"

"எல்லாத்தையும். சாவி இன்னும் என்கிட்டத்தான் இருக்கு. வீட்டுக்காரர்கிட்டப் பேசி இன்னும் ஒரு வருஷம் எடுத்துக்கிடுதேன்."

"கோமதி, கோவப்படாதீங்க. மெள்ள ஒதுக்கிருவேன்" என்றான் சங்கரன்.

"கோவம் இல்லை. கல்யாணத்துல ஒண்ணும் மாத்தம் இல்லை. நீங்க இங்க இருங்க, நான் அங்க இருக்கேன், காலையில சேர்ந்து நடப்போம், ஞாயித்துக்கிழமை சாப்பிடுவோம். வேலை பாத்த காலம் பூரா வந்துபோற ஆளாத்தான் இருந்தேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. ஆனா கட்டின வீட்டுலயும் இப்போதைக்கு, இப்போதைக்குன்னா என்னால முடியாது."

"எனக்கு எடுக்க வரலை" என்றான் சங்கரன். "ஒவ்வொரு கதவாத் திறப்பேன். செண்பகம் எதை எங்க வச்சாளோ அப்படியே இருக்கும். எடுத்தா எங்க வைக்கன்னு தெரியாது. மூடிருவேன். தினம் இதே கதைதான்."

கண்பத் கட்டில் சட்டத்தைத் தோளில் வைத்தபடி, ஏற்றவா இறக்கவா என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நிமிஷத்தில் லாரி திரும்பிப் போயிருந்தால் அவர்கள் கணவன் மனைவியாகத்தான் இருந்திருப்பார்கள், ஆனால் ஒரு வீட்டில் இருந்திருக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு எந்த நாளிலும் அவள் அந்த லாரியில் இரண்டாம் தடவை ஏறமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மாற்றலுக்குப் பழகியவர்கள் ஒரு ஊரை விட்டால் விட்டதுதான்.

எனக்கு அப்போது மாலதி தாயியின் பழைய வேலை ஒன்று நினைவுக்கு வந்தது. பிரிந்திருந்த அண்ணன் தம்பி இருவர் மறுபடி ஒரே வீட்டில் சேர்ந்திருக்க முடிவு செய்தார்கள். தம்பி குடும்பத்துச் சாமானை அண்ணன் வீட்டில் இறக்கப்போன இடத்தில் அண்ணிக்கும் தம்பி மனைவிக்கும் முதல் பெட்டியிலேயே தகராறு. தாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அண்ணன் வீட்டையும் சேர்த்துக் காலி செய்யச் சொன்னார். வீடு வெறுமையாகும் வரை ஒரு சாமானும் உள்ளே போகவில்லை. வீட்டில் முதலில் இருந்தவர் என்று ஒருவர் இருந்தால் பின்னால் வந்தவர் விருந்தாளிதான், இரண்டு பேரையும் சேர்த்துக் குடிவைக்க வேண்டும் என்றார்.

"சங்கரா, உன் வீட்டைக் காலி பண்ணணும்" என்றேன்.

"எதை எதை?"

"மிச்சம் வைக்காம. நீ இங்கயிருந்து ஷிஃப்ட் ஆகுத."

"எங்கல?"

"இங்கதான்."

இசக்கி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். "எனக்குப் புரிஞ்சிட்டு. ஏ கோமதி, ஒரு மணி நேரம் பொறு. இவனை வெளிய தூக்கிப் போடுததுக்கு நான் காலேஜ்ல இருந்தே ஆசைப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

கோமதி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

ஏற்கெனவே இறக்கியிருந்த அவள் சாமான்களோடு சேர்த்து எல்லாவற்றையும் கீழே கார் நிறுத்துகிற இடத்துக்கு இறக்கினோம். வெள்ளைக் கோட்டின் ஒரு பக்கம் கோமதி வீடு, மறுபக்கம் சங்கரன் வீடு. கட்டடச் சங்கத்தின் செயலாளர் குல்கர்ணி ஓடி வந்தார். ஒழுங்கு என்றால் உயிர் அவருக்கு. வீடு காலி செய்வதென்றால் முன்கூட்டியே எழுதித்தர வேண்டும், வாட்ச்மேனிடம் பதிய வேண்டும், இது எதுவுமே நடக்கவில்லை, யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று மராத்தியில் கேட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலத்துக்குள் இடத்தைச் சுத்தமாகக் கொடுத்துவிடுகிறோம் என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் சங்கரன் வீடு மாறுகிறான் என்று கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. இரண்டாவது மாடி ஷிண்டே அம்மாள் கண் கலங்கிக்கொண்டே ஒரு டப்பாவில் கடலைமாவு லட்டு கொண்டுவந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டீர்களே என்றார். சங்கரன் கார் நிறுத்துமிடத்தில் தன் சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

"எங்கே போகிறீர்கள்?"

"எங்கேயும் இல்லை."

"சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம். நன்றாக இருங்கள்" என்று அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சினார். இசக்கி லட்டு டப்பாவைப் பத்திரமாக வாங்கிக்கொண்டான். இன்னும் யாராவது வழியனுப்ப வருகிறார்களா என்று மாடியைப் பார்த்தான்.

சங்கரன் சுற்றிலும் பார்த்தான். மூன்று இட்லி குக்கர், ஐந்து முக்காலி, மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள். செண்பகத்தின் பொருள்கள் என்று அவன் தொடப் பயந்துகொண்டிருந்தவற்றில் பாதி, கடைக்காரன் இலவசமாகக் கொடுத்த பிளாஸ்டிக். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. படியில் இருந்த கோமதியும் அந்தச் சத்தத்துக்கு எழுந்து வந்தாள்.

மேலே கடைசி பீரோவை நகர்த்தியபோது கண்பத் என்னைக் கூப்பிட்டான். பீரோவுக்குப் பின்னால் ஒரு ஜன்னல். கொக்கி துருப்பிடித்திருந்தது. தட்டித் திறந்தோம். வெளியே ஒரு குல்மோகர் மரம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. சங்கரனையும் கோமதியையும் மேலே வரச்சொன்னேன். வீடு காலியாக, கூட்டிப் பெருக்கிக் கிடந்தது. சுவரில் பீரோக்கள் நின்ற இடமெல்லாம் பழைய சுண்ணாம்பு வேறு நிறத்தில் தெரிந்தது. பேசினால் எதிரொலித்தது.

"இங்க ஜன்னல் இருக்கா?" என்றான் சங்கரன்.

"உங்க வீடுதான இது?" என்றாள் கோமதி.

"குடிவந்த அன்னைக்கு பீரோவை வச்சோம். அப்புறம் யாரு பாத்தா?"

கோமதி ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி மரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு அறையாகப் போனாள். வெயில் எந்தப் பக்கம் விழும், காற்று எப்படி வரும் என்று அவள் கேட்க, அவனுக்கு எதற்கும் பதில் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி" என்று நிலைப்படிக்கு வந்து நின்றாள். "கொண்டா."

அவனை அவள் பக்கத்தில் நிறுத்தினேன். இரண்டு பேரும் சேர்ந்து இடம் சொன்னால்தான் உள்ளே வரும், தயங்கினால் கீழே போகும், 'இப்போதைக்கு' என்ற சொல்லுக்கு இந்த வாசலில் அனுமதி இல்லை என்றேன்.

"எங்க வைக்க?"

"ஜன்னல்கிட்ட" என்றார்கள் இருவரும். அது கோமதியின் மேஜை.

"எங்க வைக்க?"

"வேண்டாம்" என்றான் சங்கரன். நடைப்பயிற்சி மிஷின். "நாங்கதான் வெளிய நடக்கோமே."

"கிரைண்டர் ரெண்டு இருக்கு. எது?"

"அவங்களோடது" என்றாள் கோமதி. "என்னோடதுல மாவு அரைச்சா பக்கத்து ஊருக்குக் கேக்கும். அதைக் குடுத்திருங்க."

"அப்ப இந்த மூணு இட்லி குக்கரு?" இசக்கி மூன்றையும் தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு உள்ள. ஒண்ணு உனக்கு. ஒண்ணை அப்படியே தலையிலயே வச்சுக்கோ, பொருத்தமா இருக்கு."

இந்தச் சமயத்தில்தான் வித்யா வந்தாள். கீழே அப்பாவின் சாமான்கள் பரப்பியிருப்பதைப் பார்த்துப் பதறிப்போய்ப் படியேறி வந்திருந்தாள். "அப்பா, க்யா ஹுவா? வீடு... வீட்டை குடுத்துட்டியா?" என்றாள். அவளுக்குத் தமிழ் யோசித்து யோசித்துத்தான் வரும். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் போய்ச் சுவரோரம் நின்றாள்.

அப்போது கண்பத் கையில் வந்தது செண்பகத்தின் படம். சட்டம் போட்ட பெரிய படம். அவனுக்கும் தெரியும் அது யார் என்று. கேட்கலாமா கூடாதா என்று என்னைப் பார்த்தான். எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் முறை என்றால் எல்லாவற்றுக்கும்தான்.

"எங்க வைக்க?" என்றேன்.

சங்கரன் வித்யாவைப் பார்த்தான். வித்யா கோமதியைப் பார்த்தாள். கோமதி படத்தைக் கையில் வாங்கி, சேலை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"முன்னால எங்க மாட்டியிருந்தீங்க?"

"அந்தச் சுவர்ல" என்றாள் வித்யா.

"அங்க சாயங்கால வெயில் நேரா அடிக்கி. இந்தப் பக்கம் சேலைக் கலரெல்லாம் வெளுத்துப் போச்சு பாரு. இது என்ன கலரும்மா?"

"பச்சை. அம்மாக்கு... அந்த பேரட் கிரீன்."

"கிளிப்பச்சை. இப்ப மஞ்சளாத் தெரியுது. எதிர்ச் சுவர்ல மாட்டுவோம். வெயில் படாது. என்ன சொல்லுதீங்க?" சங்கரனைக் கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான். "ஆமா. அங்கதான்" என்றாள் வித்யா. அவளே போய் ஆணியைப் பிடித்துக்கொண்டாள். கண்பத் அடித்தான். நேராக இருக்கிறதா என்று கோமதி தூரத்தில் நின்று பார்த்துச் சொன்னாள். அதே சுத்தியலை வாங்கி, பக்கத்துச் சுவரில் தானே ஓர் ஆணி அடித்துத் தன் காலண்டரையும் மாட்டினாள். நான் அவளை ஐந்து வீடு மாற்றியிருக்கிறேன். அவள் ஆணி அடித்து அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. வித்யா புருஷனுக்கு போன் போட்டு வரச்சொல்லிவிட்டாள். யாரும் இடம் சொல்லாத சாமான்கள் கீழே ஒரு குவியலாகச் சேர்ந்தன. வழியனுப்ப வந்த அக்கம்பக்கத்தார் ஒவ்வொன்றாகக் கேட்டு எடுத்துப்போனார்கள். சத்தம் போடுகிற கிரைண்டரை ஷிண்டே அம்மாள் எடுத்துக்கொண்டார். அதில் என்ன அரைக்கப் போகிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. முக்காலிகள் வாட்ச்மேனுக்குப் போயின. நடைப்பயிற்சி மிஷினை யாருக்கும் கொடுக்க முடியவில்லை. கடைசியில் இசக்கி தன் வீட்டில் துணி காயப்போட ஆகும் என்று ஒப்புக்கொண்டான்.

வெளிச்சம் குறைகிற நேரத்தில் கார் நிறுத்துமிடம் சுத்தமாகிவிட்டது. மேலே பாய் விரித்து, லட்டு டப்பாவை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தோம். கோமதி கைப்பையைத் திறந்து கோந்த்வா வீட்டுச் சாவியை எடுத்தாள். ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு இசக்கியிடம் நீட்டினாள்.

"போற வழிதான. வீட்டுக்காரர்கிட்டக் குடுத்திரு. பல்பு ரெண்டு அங்கயே இருக்கு, அவரே வச்சுக்கிடட்டும்."

இசக்கி அதற்கும் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தான். சங்கரனின் முகத்தைப் பார்த்துவிட்டு லட்டைப் போட்டு வாயை அடைத்துக்கொண்டான்.

அப்போது கதவு தட்டப்பட்டது. குல்கர்ணி. கீழே எல்லாம் சுத்தமாக இருந்ததில் அவருக்குக் குறையில்லை. ஆனால் வாட்ச்மேனிடம் என்ன பதியச் சொல்வது என்று அவருக்கு இன்னும் தெளிவாகவில்லை. யார் போனார்கள், யார் வந்தார்கள்?

சங்கரன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு போனான். கோமதியும் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

"யாரும் போகவில்லை" என்று சங்கரன் மராத்தியில் சொன்னான். "நாங்கள் இரண்டு பேரும் இன்றைக்குத்தான் குடிவந்தோம்."

குல்கர்ணி அவனைப் பார்த்தார். அவரும் சங்கரனும் பல வருடம் அந்தச் சங்கத்தின் குழுவில் சேர்ந்து உட்கார்ந்தவர்கள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். படமும் காலண்டரும் மாட்டிய சுவர்களையும், ஜன்னலையும், வெளியே மரத்தையும் பார்த்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். சிரிக்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதை அப்படியே சொல்லத் தொடங்கினார். குடிதண்ணீர் எப்போது வரும், லிஃப்டில் என்னென்ன ஏற்றக் கூடாது, மத்தியானம் ஆணி அடிக்கக் கூடாது, ஈரக் குப்பை தனி, காய்ந்த குப்பை தனி.

அந்த விதிகளில் பாதியை எழுதியவன் சங்கரன். அவன் கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, கடைசிவரை கேட்டான். எல்லாம் முடிந்த பிறகு, மிகவும் பணிவாகக் கேட்டான்.

"குப்பை வண்டி காலையில் வருமா, சாயங்காலமா?"